சன்னலை மூடியும் நுண்துகள் குறையாதது ஏன்?

கேள்வி: வெளிக்காற்று மாசடைந்திருக்கும் நாள்களில் கதவு, சன்னல் அனைத்தையும் மூடிவிடுகிறோம். அப்படியும் வீட்டுக்குள் இருக்கும் அளவுக்கருவி பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் அளவை அதிகமாகவே காட்டுகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் பயன் இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறியாமல் வாங்கினால் பாதிப் பலனே கிடைக்கும். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடைய இத்துகள்கள், சாதாரணத் தூசியைப் போல விரைவில் படிந்துவிடாமல் மணிக்கணக்கில் மிதப்பதால், மூடிய சன்னலின் இடுக்குகள் வழியாகவும் காற்றோடு உள்ளே வந்துவிடுகின்றன. நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பையும் இவை கூட்டுகின்றன என்பதால் உங்கள் கவலை நியாயமானது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு, ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம்.

சில நாள்கள் கருவியின் அளவை மணிக்கொரு முறை குறித்துவையுங்கள். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் அளவு சட்டென உயர்ந்தால், காரணம் உங்கள் அடுப்பு; அந்த நேரத்தில் சன்னலை மூடிவைப்பது புகையை உள்ளேயே அடைத்துவைப்பதாகும். புகையை வீட்டுக்கு வெளியே தள்ளும் விசிறியை, சமைத்து முடித்த பிறகும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கும் மலிவான கருவிகள், காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பான் வாங்கும்போது, நுண்துகள்களைப் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதா என்பதோடு, மணிக்கு எவ்வளவு தூய காற்றைத் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. 12 சதுரமீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 36 கனமீட்டர். அக்காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட 180 கனமீட்டர் திறன் தேவை. இத்திறனை வேகத்தின் உச்ச நிலையில்தான் அளந்திருப்பார்கள். இரவில் ஓசை குறைய மெதுவாக ஓடவிடுவீர்கள் என்பதால், சற்றுப் பெரியதாக வாங்குவதே நல்லது. ஓசோனை வெளியிடும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள், அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஒரே கருவிதான் வாங்க முடியுமென்றால் படுக்கையறையில் வையுங்கள். கழுவலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தாலன்றி, ஹெப்பா வடிகட்டியைத் தண்ணீரில் கழுவாமல், உரிய காலத்தில் மாற்றிவிடுங்கள்.