ஆறு பங்கும் ஒரே நாளில் இறங்குவது ஏன்?

ஆறு பங்கு வைத்திருந்தும் எல்லாம் சேர்ந்தே இறங்குகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஆறு பெயர், ஆனால் தொழில் இரண்டுதான்.

சென்னை பெட்ரோலியம், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், இந்த நான்கும் எண்ணெய்த் தொழில். மீதி இரண்டும் அரசு வங்கி. சென்னை பெட்ரோலியத்தில் சுமார் 52 சதவீதம் இந்தியன் ஆயிலுடையது. பங்க்கில் விலை ஏறாமல் நிற்கும்போது கச்சா எண்ணெய் ஏறினால், பங்க் நடத்தும் மற்ற மூன்று கம்பெனிகளின் (இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான்) லாபமும் சேர்ந்தே சுருங்கும்.

அதைவிடக் கவலை, நீங்கள் சென்னை பெட்ரோலியத்தின் மணலி ஆலையிலேயே ஒப்பந்த வேலை பார்ப்பது. சம்பளமும் சேமிப்பும் ஒரே புகைபோக்கியை நம்பி நிற்கின்றன. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலும் பலர் இப்படித்தான். தினமும் கண்ணில் படும் கம்பெனி பத்திரமானது என்று தோன்றிவிடும்.

இன்றிரவு டீமேட் (பங்குகள் இருக்கும் கணக்கு) அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு பங்குக்கும் எதிரே அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். பாதிப் பணத்துக்கு மேல் ஒரே சொல்லில் விழுந்தால், குறைக்க வேண்டியது அதைத்தான். புதுப் பணத்தை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் ஃபண்டில், போடலாம். அதிலேயே வங்கிகள் நிறைய இருப்பதால் தனியாக வங்கிப் பங்கு இனி வேண்டாம்.

ஆனால் ஒரேயடியாக விற்றுவிடாதீர்கள். 12 மாதம் தாண்டிய பங்குகளில், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். நிதியாண்டு மார்ச்சோடு முடிவதால், மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரிக்கலாம். அப்புறம், மகளின் கல்லூரிப் பணமும் இதில்தான் இருக்கிறது என்றீர்கள். அதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், வரி போனாலும் முதலில் வெளியே எடுங்கள்.