எல்லை தாண்டினால் மறுபடியும் எஃப்.சி.யா?

கேள்வி: ஐரோப்பாவில் ஒரே லாரி நாலைந்து நாடுகளுக்குப் போகிறதே, நாட்டுக்கு நாடு தகுதிச் சோதனை உண்டா?

பதில்: இல்லை. 1997-ல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வழியாக வியன்னாவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சேர்ந்த ஒரு நாடு புகை, பிரேக், ஸ்டீயரிங், டயர் எல்லாம் விதிப்படி பார்த்துக் கொடுத்த சான்றிதழை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும். அதற்காகத் தேய்ந்த டயரோடு போனால் விட்டுவிடுவார்களா என்ன, வழியில் நிறுத்திப் பார்க்கத்தான் செய்வார்கள்.

சரி, கார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ம் ஆண்டு விதிப்படி புதுக் காருக்கு 4 ஆண்டுக்குள் முதல் சோதனை, அப்புறம் 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது. இது குறைந்தபட்சம்தான், ஜெர்மனி 3 ஆண்டிலேயே கூப்பிட்டுவிடும். லாரி, பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, வருடாவருடம் போயாக வேண்டும்.