கடல் நீரை மருந்தாக்கிய ஊர்

கேள்வி: இங்கிலாந்தின் பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் ஊராக இருந்ததாமே? அது எப்படி உல்லாச நகரமாயிற்று? (வாசகர், கும்பகோணம்)

பதில்: எல்லாம் ஒரு மருத்துவர் தொடங்கி வைத்தது. பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று வழங்கிய அவ்வூர், 1703, 1705 ஆண்டுகளின் புயல்களில் கரையோர வீடுகளை இழந்து, மீன்பிடித் தொழிலும் நலிந்து இளைத்திருந்தது. பக்கத்து ஊரான லூயிஸில் மருத்துவம் பார்த்துவந்த ரிச்சர்ட் ரஸ்ஸல், சுரப்பி நோய்களுக்குக் கடல் நீரே மருந்து, அதில் குளிப்பதோடு அதைக் குடிக்கவும் வேண்டும் என்று 1750இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குடித்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டதோ! ஆனாலும் செல்வந்தர்கள் திரண்டு வந்தார்கள். குதிரை இழுக்கும் மரக்கூண்டு வண்டிக்குள் உடை மாற்றிக்கொண்டு பின்படி வழியே அவர்கள் இறங்க, இடுப்பளவுக் குளிர்நீரில் காத்து நிற்கும் உள்ளூர்ப் பெண்கள் அவர்களைப் பிடித்து அலையில் முக்கி எடுத்தார்கள். மார்த்தா கன் என்பவர் இதிலேயே பெயர் பெற்றார். 1783இல் இளவரசர் ஜார்ஜ் வந்ததும் ஊரின் கவனம் மருந்திலிருந்து கேளிக்கைக்கு மாறியது. 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்தபின், காலையில் வந்து மாலையில் திரும்பும் சாதாரண மக்களுக்கும் அவ்வூர் சொந்தமாயிற்று. இத்தனைக்கும் அங்கே நம் மெரினா போல மணல் இல்லை. கடற்கரை முழுவதும் காலை உறுத்தும் கூழாங்கற்கள்தான்.

கேள்வி: அங்குள்ள அரண்மனை வெளியே இந்தியக் கட்டடம் போல் இருப்பது ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: அதே ஜார்ஜின் ஆசைதான். கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1815 முதல் வெங்காய வடிவக் குவிமாடங்களை எழுப்பினார். உள் அலங்காரமோ சீனப் பாணி. அங்கே தனிமை இல்லை என்று சலித்த விக்டோரியா மகாராணியிடமிருந்து 1850இல் நகரமே அதை விலைக்கு வாங்கியது. இந்தியத் தொடர்பு மெய்யானது 1914இல்தான்: முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு அது மருத்துவமனையாயிற்று. சாதி, சமய வழக்கம் பார்த்து ஒன்பது சமையற்கூடங்கள் அமைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். பிரைட்டனில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை நகருக்கு வெளியே குன்றில் தகனம் செய்தனர். அவ்விடத்தில் 1921இல் திறக்கப்பட்ட வெண்பளிங்குச் சத்ரி (குடை வடிவ நினைவு மண்டபம்) இன்றும் நிற்கிறது.