தலைமையாசிரியரிடம் சொன்னால் கடமை முடிந்துவிடுமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவி ஒருத்தி சில வாரங்களாக மாலையில் மணி அடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தனியாக அழைத்துக் கேட்டபோது, வீட்டில் தங்கியிருக்கும் உறவினர் ஒருவர் தன்னைத் தவறாகத் தொடுவதாகச் சொல்லி அழுதாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சினாள். தலைமையாசிரியரிடம் தெரிவித்தேன். “இது குடும்ப விவகாரம், பெற்றோரை அழைத்துப் பேசிக்கொள்ளலாம்” என்கிறார். என் கடமை முடிந்ததா? நான் கேட்டது உண்மையில்லை என்று பின்னர் தெரியவந்தால் என் மீது வழக்கு வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: முடியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிறையாத ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ, அவர் யாராக இருந்தாலும், சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்வது பள்ளி நிர்வாக நடைமுறை. அது இந்தச் சட்டக் கடமைக்கு ஈடாகாது. அவர் அனுமதி தரவில்லை என்பதும் உங்களுக்குப் பாதுகாப்பாகாது. தெரிவிக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க 21ஆவது பிரிவு இடமளிக்கிறது. இப்போது விவரம் அறிந்துவிட்ட தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும். (குற்றம் சாட்டப்படுபவர் அவருக்குக் கீழ் பணிபுரியும் ஊழியராக இருந்திருந்தால், மறைத்ததற்காக அவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் கிடைத்திருக்கும்.)

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். குழந்தை சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. அது காவல் துறையின் வேலை, பிறகு நீதிமன்றத்தின் வேலை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று 19ஆவது பிரிவின் ஏழாவது உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பொய்ப் புகாருக்கான தண்டனை, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ வேண்டுமென்றே பொய் சொல்பவருக்கு உரியது. ஒரு குழந்தை அழுதுகொண்டே சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசிரியைக்கு உரியது அல்ல. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பள்ளி விடுதி மாணவிகள் மீதான குற்றத்தை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, உடனடியாகத் தெரிவிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை வலியுறுத்தியது. தெரிவிப்பதில் அல்ல, தெரிவிக்காமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பெற்றோரை முதலில் அழைத்துப் பேசும் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். குற்றம் சாட்டப்படுபவர் அதே வீட்டில் இருக்கிறார். செய்தி அவர் காதுக்குப் போய்விட்டால் அன்றிரவே குழந்தை மிரட்டப்படலாம், மறுநாள் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று அவளைச் சொல்லவைக்கலாம், பள்ளியை விட்டே நிறுத்திவிடலாம். காவல் நிலையத்தில் நீங்கள் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். அதை எழுத்தில் பதிந்து, பதிவு எண் இட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியது அவர்களின் கடமை. குழந்தைக்குப் பாதுகாப்பு தேவை என்றால் 24 மணி நேரத்துக்குள் அதற்கு ஏற்பாடு செய்வதும், குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிப்பதும் அவர்களையே சாரும். 1098 உதவி எண்ணையும் அழையுங்கள். ஆனால் சட்டம் குறிப்பிடுவது காவல் துறையை என்பதால் அழைப்போடு நின்றுவிட வேண்டாம்.

மாணவியிடம் மீண்டும் மீண்டும் விசாரிக்காதீர்கள். அவள் பயன்படுத்திய சொற்களை மாற்றாமல், தேதியும் நேரமும் இட்டு, இன்றே எழுதி வையுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், இதில் உன் தவறு எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். சீருடை அணிந்த காவலர்கள் வந்து அவளை நிலையத்துக்கு இழுத்துப் போவார்களோ என்று நீங்கள் தயங்கலாம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்பதே விதி. இவள் விஷயத்தில் வீடு உகந்த இடம் அல்ல என்பதைப் புகார் அளிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவள் பெயரை ஆசிரியர் அறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பேச்சாக்காதீர்கள்.

கேள்வி: என் மாணவனை அவன் தந்தை குடித்துவிட்டு அடிக்கிறார். இதற்கும் போக்சோ பொருந்துமா?
– ஓர் ஆசிரியர்

பதில்: பொருந்தாது, போக்சோ பாலியல் குற்றங்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1098 எண்ணிலோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடமோ தெரிவியுங்கள். காயத்தை எந்தத் தேதியில், உடலின் எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்ற குறிப்பு அவர்களுக்கு மிகவும் உதவும்.