ஊர்வலம் போகப் 'பெர்மிட்' எடுத்துத் தருவதாக யாரும் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் போரதீவுப்பற்றில் வயல் செய்யும் குடும்பங்கள். யானை வேலி கேட்டு எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை. கோயிலடியிலிருந்து பிரதேச செயலகம்வரை பதாகையோடு நடந்துபோய் மகஜர் கொடுக்க இருக்கிறோம். அறுபது எழுபது பேர் வருவோம். "பொலிஸ் பெர்மிட் இல்லாமல் போனால் பிடித்து அடைப்பார்கள். பதினையாயிரம் தந்தால் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. அவர் விற்க வந்திருக்கும் பொருளே சட்டத்தில் இல்லை.

அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்குத் தந்திருக்கிறது. ஊர்வலத்துக்கு 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 77ஆம் பிரிவு கேட்பது அனுமதியை அல்ல, அறிவித்தலை. ஊர்வலம் தொடங்க ஆகக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர், தொடங்கும் இடத்துக்கு மிகக் கிட்டிய பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். முடியும் இடத்து நிலையத்துக்கு அல்ல, டவுனில் உள்ள பெரிய நிலையத்துக்கும் அல்ல. இதில் பிழைவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் பலர். காலை 9 மணிக்கு ஊர்வலம் என்றால் முதல் நாள் பகலிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். திகதி, நேரம், எங்கிருந்து எங்கே, எந்த வீதி, ஏறத்தாழ எத்தனை பேர், என்ன கோரிக்கை என்பவை போதும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதியும் நேரமும் போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்து வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், ஐயா வந்ததும் பார்ப்பார்" என்று சொல்வார்கள். போகாதீர்கள். ஒரு முத்திரைக்காக நானே ஒரு நிலையத்தில் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை வாங்கில் இருந்திருக்கிறேன். ஒரு கடிதத்தை ஏற்றுக்கொள்ள அரை நாள் எதற்கு? இப்படி இழுத்தடிப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். வருகிற எல்லோருடைய அடையாள அட்டை இலக்கமும் வேண்டுமென்று கேட்டால், 77ஆம் பிரிவில் அப்படி இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒழுங்கு செய்பவர் ஓரிருவரின் பெயர் போதும்.

நின்றுகொண்டு கோஷம் போடுவதற்கும் இந்த அறிவித்தல் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 77ஆம் பிரிவு பேசுவது ஊர்வலத்தைப் பற்றி. மட்டக்களப்பு காந்தி பூங்காவிலோ பிரதேச செயலக வாசலிலோ ஆளாளுக்கு வந்து பதாகை பிடித்து நின்றால், அது ஊர்வலம் அல்ல, 6 மணித்தியாலக் கணக்கு அதற்கு இல்லை. ஆனால் சந்தியில் கூடி, முன்னால் பதாகையைப் பிடித்து, இருநூறு மீற்றர் நடந்து வந்து வாசலில் நின்றால், நடந்த அந்த இருநூறு மீற்றர் ஊர்வலம்தான். "நாங்கள் நிற்கத்தானே வந்தோம்" என்ற கதை எடுபடாது. நிற்பதாயினும் வீதியை மறித்தால் பொலிஸார் விலகச் சொல்லலாம். உங்களுடையது கோயிலடியிலிருந்து நடப்பது. ஆகவே கடிதம் கட்டாயம்.

உண்மையிலேயே அனுமதி தேவைப்படுவது ஒலிபெருக்கிக்கு. ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோவும் கைமைக்கும் இதற்குள் அடங்கும். தரகர் பெர்மிட் என்று காட்டுவது பெரும்பாலும் இந்தத் துண்டைத்தான்! ஸ்பீக்கர் வாடகைக்காரர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் துண்டை உங்கள் கண்ணால் பாருங்கள். கட்டணம் கேட்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பொலிஸார் ஊர்வலத்தைத் தடுக்கவே முடியாதா? முடியும். பொது ஒழுங்கைக் காரணம் காட்டி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் தடுக்கலாம், நிபந்தனையும் போடலாம். வாயாலும் சொல்லலாம் என்கிறது சட்டம். எனக்கு அறவே பிடிக்காத வரி அது. 77ஆம் பிரிவின் கீழ் பொறுப்பதிகாரி தன் எண்ணத்துக்குத் தடுக்க இயலாது. "மேலிடம் வேண்டாம் என்கிறது" என்றால் யார் சொன்னார், என்ன பதவி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எழுத்தில் தரும்படியும் கேளுங்கள்.

மற்ற வழி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நீதவானிடம் தடையுத்தரவு பெறுவது. உங்களைக் கேட்காமலே பெறலாம். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய பொலிகண்டி நடைபவனிக்கும் பல இடங்களில் பொலிஸார் இப்படித் தடையுத்தரவு எடுத்தார்கள். பெயர் போட்டு உத்தரவு கையில் தந்தால் கிழிக்காதீர்கள், மீறாதீர்கள். அதை வாசித்து, யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். சாதாரணமாக 14 நாளுக்கு மேல் அது நிற்காது. அதற்கு முன்னரே சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட்டு நீக்கும்படியும் கேட்கலாம்.

வாசிக்கத் தெரியாத சிங்களக் கடதாசியில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லி எத்தனை வருடம்! இன்னும் தமிழில் வாக்குமூலம் எழுத ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் வரும்வரை இருப்போம் என்று சொல்லுங்கள்.

அநியாயமாகத் தடுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள், அதுவும் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில்தான். வெல்லாவெளியிலிருந்து புதுக்கடைக்குப் போய்வரும் செலவை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே முறைப்பாட்டை முதல் வாரமே கொடுத்து, இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த மனிதருக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், அறிவித்தல் கொடுக்கப் போகும் அன்றே அதையும் முறைப்பாடாகப் பதிந்துவிடுங்கள்.