காதுக் கோளாறு கண்ணில் தெரியுமா?

கேள்வி: ஐயா, படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் என் அம்மாவுக்கு வீடே சுற்றுகிறது. பித்தம் என்று கஷாயம் கொடுத்தோம், கேட்கவில்லை. ரங்கூனில் டாக்டர் ஒருவர் அம்மாவின் தலையைத் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று மல்லாக்கச் சாய்த்துவிட்டு, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காதில்தான் கோளாறு என்கிறார். அது கண்ணில் எப்படித் தெரியும்?
- வாசகி, பெகு

பதில்: அவர் பார்த்தது சரியான இடத்தைத்தான், சகோதரி. மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்த காலத்தில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: பத்திரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 'இல்லை' என்று தலையாட்டியபடியே படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் பத்திரிகையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலைந்துபோகும்.

பத்திரிகை ஆடினால் கண் அதைப் பார்த்துப் பார்த்துத் துரத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். தலை ஆடினால் காதே கண்ணுக்குச் சொல்லிவிடும். ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு, உள்ளே திரவம். தலை இடப்பக்கம் திரும்பினால் திரவம் ஒரு கணம் பின்தங்கும்; அந்தத் தள்ளலில் நுண்ணிய மயிர் செல்கள் வளையும். அந்தச் செய்தி மூளைத்தண்டு வழியாகக் கண் தசைகளுக்குப் போக மூன்றே நரம்பு செல்கள் போதும். ஏறக்குறைய ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண் வலப்பக்கம் திரும்பிவிடும், இருட்டிலும்கூட. ரங்கூன் வட்ட ரயிலில் உடம்பு குலுங்கினாலும் ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான்.

சரி, அம்மாவுக்கு வருவோம். உள்காதில் ஒரு பையில் பொடிப்பொடியான கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கும். வயதாகும்போது சில கழன்று, பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள் போய்விடும். படுத்ததும் அவை சரிந்து திரவத்தையும் இழுக்கும். தலை நின்ற பிறகும் 'சுற்றுகிறது' என்று காது சொல்லும். கண் அதை நம்பி மெல்ல நகரும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும். டாக்டர் தேடியது இந்தத் துடிப்பைத்தான். சாய்த்த சில விநாடி கழித்துத் தொடங்கி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கண் மேல்நோக்கித் துள்ளியபடி, கீழே இருக்கும் காதுப் பக்கமாகச் சுழன்றால், கோளாறு அந்தக் காதின் பின்குழலில். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு மருத்துவர்கள் 1952-இல் விவரித்த சோதனை இது.

கஷாயத்தை நிறுத்திவிடுங்கள். தலையைப் படிப்படியாகத் திருப்பி, படிகங்களைப் பைக்கே அனுப்பும் எப்லி முறை இருக்கிறது; அதை அந்த டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாக அம்மாவின் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ அது வேறு விஷயம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.