கன்வெர்ட்டர் துருப்பிடித்துவிட்டதா? மாற்றுவதற்கு முன் சில கேள்விகள்

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். 2018 மாடல் பெட்ரோல் கார். அடியில் குனிந்து பார்த்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) முழுக்கத் துரு. ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வேறு. கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: துருவின் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். கன்வெர்ட்டரின் கூடு பெரும்பாலும் 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதம்தான். சமையலறைப் பாத்திரம்போல அது பளபளவென்று நிற்காது. மேலே பழுப்பேறும், ஆனால் சுலபத்தில் ஓட்டை விழாது. கடற்கரை ஊர்களில் முதலில் இற்றுப்போவது அதைச் சுற்றியுள்ளவை: சூட்டைத் தடுக்கும் மெல்லிய தகடான ஹீட் ஷீல்டு, குழாய்களை இணைக்கும் இரும்பு ஃபிளாஞ்ச், போல்ட் நட்டு, வெல்டிங் ஓரங்கள்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு கன்வெர்ட்டரைக் கையால் தட்டிப் பாருங்கள். தகரம் அதிர்வதுபோலக் கேட்டால் ஹீட் ஷீல்டின் திருகுப்புள்ளி இற்றிருக்கிறது. பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் இரண்டை ஒன்றோடொன்று கோர்த்து, ஷீல்டைச் சுற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. செலவு சில நூறு ரூபாய். சத்தம் போகட்டும் என்று ஷீல்டையே பிய்த்து எறிபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஓடும்போது கன்வெர்ட்டரின் சூடு 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். மேலே ஒயரிங்கும் தரைவிரிப்பும், கீழே காய்ந்த புல்லும் இருக்கின்றன.

தட்டும்போது உள்ளே கூழாங்கல் உருளும் சத்தம் வந்தால் கதை வேறு. தேன்கூடு வடிவ செராமிக் உடைந்திருக்கிறது. அதற்கு ரிப்பேர் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஒருவர் தடித்த துணியால் லேசாக அடைத்துப் பிடிக்கட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். ஃபிளாஞ்ச் மட்டும் இற்றிருந்தால் இரண்டு பாதியாக வரும் ஃபிளாஞ்ச் வாங்கிப் பூட்டலாம், அல்லது சைலன்சர் பட்டறையில் புது ஃபிளாஞ்ச் வெல்டிங் வைக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் குழாயிலேயே மாட்டச் சொல்லுங்கள். கூட்டில் ஊசி ஓட்டை என்றால், சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தால் மட்டுமே வெல்டிங் நிற்கும். எக்ஸாஸ்ட் பேஸ்ட் பட்டறை வரை ஓட்டிப்போக உதவும், அவ்வளவுதான். சாதாரண சிலிகான் சீலன்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும்.

கேள்வி: செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்று வருகிறது. புது கன்வெர்ட்டர் வாங்கியே ஆக வேண்டுமா? சென்னை, பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 புகைத் தரம்) கார்.

பதில்: ‘கன்வெர்ட்டர் வேலை போதவில்லை என்று தோன்றுகிறது’ என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் செய்தி. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டு எஞ்சின் கம்ப்யூட்டர் செய்யும் ஊகம் அது. முன்பக்க இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே கோடு வரும். கசிவு வழியாகக் காற்று புகுந்தால், எரிபொருள் குறைகிறது என்று சென்சார் தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல் நல்ல கன்வெர்ட்டரையும் சுட்டுக் கெடுக்கும். அதனால் கசிவை அடைப்பது முதல் வேலை.

பிறகு எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, பின் சென்சாரின் வோல்ட்டை ஸ்கேனரில் பாருங்கள். 0.6 முதல் 0.8 வோல்ட் அளவில் பெரிதாக ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் நன்றாகவே இருக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே முன் சென்சாரைப்போலவே வேகமாக ஏறி இறங்கினால் அதன் காலம் முடிந்தது.

வண்டி இழுக்கவில்லை என்றால் அடைப்பையும் பாருங்கள். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும் 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் அடைப்பில்லை.

கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), எஞ்சின் ஆயில் எரிவது, கூலன்ட் கசிவு, கலப்படப் பெட்ரோல் ஆகியவையே வழக்கமான கொலைகாரர்கள். சென்னைக்கு இன்னொன்றும் உண்டு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் தேங்கிய மாதிரியான தண்ணீரில் சூடான கன்வெர்ட்டரோடு இறங்கினால் செராமிக் வெடிக்கலாம். மூலக் காரணத்தைத் தீர்க்காமல் புதிதை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும்.

கேள்வி: மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு. வீட்டில் செய்யலாமா?

பதில்: கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தரைக்கு அடியில், இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே போல்டில் நிற்கும் வகை என்றால் செய்யலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒன்றாக எஞ்சினை ஒட்டி இருக்கும் வகை என்றால், பட்டறைக்கே விடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஒரு ஸ்டட் முறிந்தால் மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பல மடங்கு செலவு வரும்.

முந்தின நாளே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை இரண்டு மூன்று முறை அடித்து ஊறவிடுங்கள். சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். பின் சென்சார் இறுகியிருந்தால் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, பிளக்கைப் பிரித்து, கனத்த கையுறை போட்டு, ஒயருக்குப் பிளவு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் இளக்குங்கள். இளஞ்சூட்டில் அது எளிதில் திரும்பும். அதற்கப்புறம் வண்டியை முழுதாக ஆறவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

கான்கிரீட் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பி அடியில் போகக் கூடாது. படுப்பதற்கு முன் வண்டியைத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். உடைந்த செராமிக் தூளும் அதைச் சுற்றியுள்ள நார்ப்பாயின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

நட்டு துருவில் தேய்ந்து சிறுத்திருக்கும். 14 நம்பர் வழுக்கினால், 13 நம்பர் ஆறுமுகச் சாக்கெட்டை அடித்து ஏற்றுங்கள். முதலில் லேசாக இறுக்கி, பிறகு கழற்றினால் துருவின் பிடி விடும். அடி ஃபிளாஞ்சில் போல்ட் முறிந்தால் பயமில்லை. துளையிட்டு எடுத்துவிட்டு, முழு போல்ட் நட்டு போடலாம். பெட்ரோல் லைன் பக்கத்தில் ஓடுவதால் கேஸ் டார்ச் பேச்சே வேண்டாம். ஒரு பக்கம் கழன்றதும் சைலன்சர் குழாயைக் கம்பியால் கட்டித் தாங்குங்கள். தொங்கவிட்டால் முன்னால் உள்ள பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் குழாய்) கிழிந்துவிடும், கணக்கில் இல்லாத இன்னொரு செலவு.

புதிதை மாட்டும்போது கூட்டில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட்டையும் பழைய நட்டுகளையும் திரும்பப் போடாதீர்கள். எல்லாவற்றையும் கையால் மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் நேராக்கிய பிறகுதான் முன்னிருந்து பின்னாக, பக்கம் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இந்த வேலையில் கசிவு வருவதற்கு, ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்தை வலிந்து இழுப்பதே முக்கியக் காரணம். சென்சார் மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவலாம், முனையில் படவே கூடாது. சுமார் 40 நியூட்டன் மீட்டர் போதும்.

முதல் ஓட்டத்தில் கொஞ்ச நேரம் புகையும் வாடையும் வரும். மாட்டும்போது கையிலிருந்து கன்வெர்ட்டரில் ஒட்டிய ஆயில் எரிவதுதான். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆறவிட்டு நட்டுகளை மறுபடி பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கம்பெனி பாகம் விலை எக்கச்சக்கம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டாலே போதும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: குடைவது சரியல்ல. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெற்றுக் கூட்டோடு அதை எட்டுவது கடினம். புகை விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 10,000 ரூபாய் வரை. மூன்று மாதச் சிறைக்கும் இடமுண்டு.

விலையில் பெரும்பங்கு பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களுக்கே போகிறது. ஆகவே மிக மலிவான கன்வெர்ட்டர் என்றால் அவை மிகக் குறைவாகப் பூசப்பட்டிருக்கும். சில மாதத்தில் அதே பி0420 திரும்பி வரும். எங்கள் யோசனை: சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி பாகத்தின் விலையை இரண்டு மூன்று டீலர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிப்பாகம்தான் கட்டுபடியாகும் என்றால் உங்கள் மாடலும் பிஎஸ் தரமும் பில்லில் குறிப்பிடப்பட்டு, எழுத்துமூல வாரண்டியோடு வருவதை மட்டும் எடுங்கள். வண்டி புதிது என்றால் வாரண்டிப் புத்தகத்தில் எமிஷன் பாகங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

கேள்வி: பட்டறையில் மாற்றினேன். பழையதைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். விடலாமா?

பதில்: விடாதீர்கள். உள்ளே உள்ள உலோகத்துக்காகவே பழைய கன்வெர்ட்டரைக் காசு கொடுத்து வாங்கக் காயலான் கடையில் ஆள் உண்டு. அதைத் தூக்கிப் போடும் பட்டறை இருக்காது. பழையதைத் தரும்படி, இல்லையென்றால் அதன் மதிப்பைக் கழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை வண்டியை விடும்போதே கன்வெர்ட்டரில் பொறித்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ‘கழற்றிய பாகம் திருப்பித் தரப்பட வேண்டும்’ என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.